அச்சில் வராத கடைசிப் படகு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சாமர்த்தியமாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுத மாட்டேன். அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்காமலேயே எழுதுவார்கள். நான் திருத்தாமல் விட்ட ஒரு சின்னப் பிழையைப் பற்றி எழுதுகிறேன். அதனால் நான்கு பேர் கடலில் சாகப் பார்த்தார்கள்.

எங்கள் நிறுவனம் ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தமே ஐந்து பேர். பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவு, ஜவுளிக்கடைக்குச் சரக்கு இருப்பு என்று யார் எது கேட்டாலும் மென்பொருள் எழுதிக் கொடுப்போம். நான் நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பத்துப் பெண். கடலைப் பார்த்ததெல்லாம் ராமேஸ்வரம் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். அப்படிப்பட்ட என் தலையில்தான் படகுகளுக்கான மென்பொருள் வந்து விழுந்தது.

புதுமடத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவே ஒரு கரை. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வள்ளக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் இருந்தது. விடியற்காலையில் கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளமும் சங்க அலுவலகத்தில் பேர் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாரும் போன பிறகு அந்தப் பட்டியலை அச்செடுத்து, ஓர் ஆள் கரைக்குக் கொண்டுபோவார். திரும்பி வரும் வள்ளத்தின் பேருக்கு நேரே ஒரு டிக் போடுவார். டிக் விழாத பேர் இருந்தால் தேட ஆள் கிளம்பும். ரொம்ப காலமாக நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இந்தக் காரியத்தை நாங்கள் கணினிக்கு மாற்றிக் கொடுத்தோம்.

மாற்றிய இரண்டாம் மாதம் சங்கத்தின் எழுத்தர் மும்தாஜ் போன் செய்தார். பெரியபட்டினத்துப் பெண். குரல் மெதுவாக இருக்கும், விஷயம் கறாராக இருக்கும்.

“மேடம், நாப்பத்து மூணு வள்ளம் பதிஞ்சேன். தாள்ல நாப்பத்து ரெண்டுதான் வருது. கடைசிப் பேரு விழ மாட்டேங்குது.”

“திரையில இருக்கா?”

“திரையில இருக்கு. தாள்லதான் இல்ல.”

அன்றைக்கு நான் பலூன் விட்டுக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில், பிறந்தநாள் கொண்டாடும் மாணவரின் பெயரைத் தட்டினால் திரையில் பலூன் பறக்க வேண்டும் என்று எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சிவப்பு பலூன் பறந்தது, பச்சை பறக்கவில்லை. அந்த அவசரத்தில் மும்தாஜிடம் சொன்னேன்: “பட்டியலோட கடைசியில சும்மான்னு ஒரு பேரைப் போட்டு வையுங்க. விழாம போனா அது போகட்டும். அடுத்த தடவை வரும்போது சரி பண்ணித் தர்றேன்.”

மும்தாஜ் அப்படியே செய்தார். தினமும் கடைசி வள்ளம் பதிந்ததும் ‘சும்மா’ என்று ஒரு பேரைச் சேர்ப்பார். அச்சில் அது விடுபடும், மற்றதெல்லாம் வந்துவிடும். பிறகு அவரிடமிருந்து அந்தப் புகார் வரவேயில்லை. புகார் எழுதி வைக்கும் நோட்டில் அதற்கு நேரே ‘சமாளித்தாயிற்று’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அந்தக் கரைக்கு நான்கைந்து முறை போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது ஒன்றைப் பொருத்தத்தான் போனேன். ஒரு தடவைகூட அந்தக் கடைசி வரியைத் தொடவில்லை.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர், உழைப்பாளி. மதுரைக் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் வாடிக்கையாளர்களைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் மட்டும் அவருக்குத் தீராமல் இருந்தது. “சரோஜா, பழசைச் சரி பண்ணினா யாரு கைதட்டுறா? புதுசா ஒண்ணு காட்டினாத்தான் திரும்பிப் பாக்குறான்” என்பார். அது பொய்யில்லை. நான் பார்த்தவரை யாரும் கைதட்டியதில்லை.

அவருக்கு உதித்ததுதான் கடல் படம். திரை முழுக்க நீலக் கடல். பதிந்த ஒவ்வொரு வள்ளமும் சின்னப் படகாக அதில் மிதக்கும். வள்ளம் வந்துவிட்டது என்று பதிந்தால் அந்தப் படகு ஆடி ஆடிக் கரைக்கு வரும், சங்கு ஊதும் சத்தம் கேட்கும். படகுகளின் மேல் பேர் எழுதலாமா என்று கேட்டேன். “எழுத்து வந்தா படம் கச்சடா ஆயிரும்” என்றார். பேர் வேண்டாம் என்று விட்டோம்.

ஒரு சிக்கல் வந்தது. ‘சும்மா’ என்ற வள்ளம் ஒருநாளும் கரைக்கு வராது. எல்லாரும் திரும்பிய பிறகும் ஒரு படகு மட்டும் நீலத்தில் நின்றுகொண்டிருக்கும், பார்க்க நன்றாக இருக்காது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அச்சைச் சரி செய்திருந்தால் ‘சும்மா’வுக்கே வேலை இருந்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் படகைத் தொட்டு அழிப்பதற்கென்று ஒரு பொத்தான் வைத்தேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளிக்கு வர்ணம் அடித்த கதைதான் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

கடல் படத்தை அறிமுகம் செய்வதற்கு வைகாசியில் ஒரு நாள் குறித்தார் முதலாளி. வேறு நான்கு கரைகளின் சங்கத் தலைவர்களும் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரியும் வருவதாக ஏற்பாடு. காலை பதினொரு மணிக்குக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் நான்கு கரைகளும் எங்களுக்கு. முதலாளி புதுச்சட்டை போட்டிருந்தார்.

நாங்கள் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று மாறியிருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று திடீரென்று எழும்பி, கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. போன வள்ளங்கள் எல்லாம் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. சங்கச் செயலாளர் முனியசாமி தாளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று டிக் போட்டார். வேலையில் கருத்தான மனிதர். பத்தே முக்காலுக்கு அலுவலகத்துக்குள் வந்து தாளை மேசைமேல் வைத்தார்.

“நாப்பத்தாறும் வந்திருச்சு மேடம். ஆண்டவன் காப்பாத்துனான். இனிமே உங்க வித்தையைக் காட்டுங்க.”

மும்தாஜின் நாற்காலி காலியாக இருந்தது. தங்கைக்கு நிக்காஹ், அன்றிலிருந்து மூன்று நாள் விடுப்பு என்றார் முனியசாமி. விடியற்காலைப் பதிவை வாட்ச்மேன் பார்த்துக்கொண்டாராம். அவர் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருந்தார். இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டேதான் நான் தாளைப் பார்த்து ஒவ்வொரு வள்ளமாகத் தட்டினேன். ஒவ்வொன்றும் ஆடி ஆடிக் கரைக்கு வந்தது. சங்கு ஊதியது. முதலாளிக்கு முகம் மலர்ந்தது.

நாற்பத்தாறும் வந்து சேர்ந்தன. கடலில் ஒரு படகு நின்றது.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. “வந்துட்டாங்க” என்றார் முதலாளி. “சரோஜா, அந்தச் சும்மாவை எடுத்து விடுங்க, சீக்கிரம்.” நான் பொத்தானைத் தட்டினேன். படகு போய்விட்டது. நீலக் கடல் துடைத்து விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பட்டியலைத் திறந்து பேரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை. இரண்டு வருடமாக அந்த இடத்தில் ‘சும்மா’தான் இருந்தது, வேறு என்ன இருக்கப்போகிறது?

விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள், டீ வந்தது. படகுகள் வருவதைக் காட்ட ஒரு பழைய நாளின் பதிவை எடுத்து ஓட்டிவிட்டு, முடிவில் அன்றைய கடலையே திரையில் நிறுத்தினோம். சங்குச் சத்தத்துக்கு ஒரு தலைவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அதிகாரி, “ரொம்ப நல்லா இருக்கே” என்றார். அப்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சேலை முந்தானை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. பஞ்சவர்ணம் என்று பேர், கருப்பையா என்ற வள்ளக்காரரின் மனைவி.

“ஏண்ணே, எங்க வீட்டு ஆளு வள்ளத்தைக் காணோம். கரை பூராம் பாத்துட்டேன்.”

முனியசாமி தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். “உங்க வீட்டுக்காரரு பேரே இதுல இல்லியேத்தா. அவரு இன்னைக்குப் போகல.”

“போகலையா? நாந்தானே தூக்குவாளியில கஞ்சி ஊத்திக் குடுத்து விட்டேன்! கூட எங்க கொழுந்தன் போயிருக்காரு, இன்னும் ரெண்டு பேரு போயிருக்காக. கடைசியாப் போய்ப் பேரு குடுத்துட்டு இறங்குனாக.”

“பேரு குடுத்திருந்தா இங்கன இருக்குமில்ல? காத்தைப் பாத்துட்டு பாதியில திரும்பியிருப்பாரு. இல்லைன்னா வேற கரையில ஒதுங்கியிருப்பாரு.” முனியசாமி திரையைக் கை காட்டினார். “அங்கன பாருத்தா. அம்புட்டு வள்ளமும் கரைக்கு வந்திருச்சு. கம்ப்யூட்டரே சொல்லுது.”

பஞ்சவர்ணம் திரையைப் பார்த்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “தாளு சொல்றதும் பொட்டி சொல்றதும் உங்களுக்குப் பெருசு. நான் சொல்றது பெருசில்லையா?” என்று கேட்டார்.

‘கடைசியாப் போய்ப் பேரு குடுத்துட்டு’ என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே மும்தாஜின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து வெளியே போய் மும்தாஜுக்குப் போன் செய்தேன். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவே அவர் எடுத்தார்.

“மும்தாஜ், வாட்ச்மேன்கிட்ட கடைசியில சும்மான்னு போடணும்னு சொல்லிட்டுப் போனீங்களா?”

“யா அல்லாஹ்… சொல்லலையே மேடம். தினமும் கை தன்னால போட்டுரும். சொல்லணும்னே தோணல.”

தினமும் செய்கிற காரியத்தை யாரும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருவருக்குச் சொல்லும் குறுக்குவழி அவர் கையோடு இருக்கும். அவர் விடுப்பில் போனால் அதுவும் விடுப்பில் போய்விடும்.

வாட்ச்மேன் ‘சும்மா’ போடவில்லை. அதனால் அச்சில் விழாமல் போனது கருப்பையாவின் பேர். தாளில் இல்லாத அந்த ஒரு படகைத் திரை மட்டும்தான் காட்டியது. அதை அழித்தது நான்.

உள்ளே போனேன். முதலாளி என் முகத்தைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து மறித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் விருந்தாளிகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “இவங்க எந்திரிக்கட்டும். பத்தே நிமிஷம். நான் முனியசாமியைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிர்றேன். இவங்க முன்னால வேணாம் சரோஜா” என்றார்.

பத்து நிமிடம் என்பது பெரிய நேரமில்லைதான். அவர் சொன்னதில் நியாயம்கூட இருப்பதுபோல் ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ‘ஒருவேளை’ என்பார், ‘எதுக்கும் பாத்துருங்க’ என்பார். காற்றில் வள்ளம் இறக்கப் போகிறவர்களுக்கு ‘ஒருவேளை’ போதாது. நிச்சயமாகச் சொன்னால்தான் இறக்குவார்கள்.

அவரைத் தாண்டிப் போய் எல்லாருக்கும் நடுவில் நின்றேன். “இந்த அம்மா சொல்றதுதான் சரி. தாள் தப்பு. கருப்பையா வள்ளம் கடல்லதான் இருக்கு. எங்க மென்பொருள்ல கடைசிப் பேர் அச்சாகாது. அது எனக்கு முன்னாடியே தெரியும். திரையில அந்தப் படகு நின்னுது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால நான்தான் அழிச்சேன்.”

முனியசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினார். அதிகாரி டீ டம்ளரை வைத்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். சங்குச் சத்தத்துக்குச் சிரித்த அந்தத் தலைவர்தான் கருப்பையா வழக்கமாக எந்தப் பக்கம் வலை விடுவார் என்று பஞ்சவர்ணத்திடம் விசாரித்தார். அரை மணிக்குள் மூன்று பெரிய வள்ளங்கள் அலையில் இறங்கின.

நான் கரையில் பஞ்சவர்ணத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் போக முகமில்லை. காத்திருந்த அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. மணல் பறந்து கண்ணில் விழுந்தது, கண்ணைத் துடைக்காமல் நின்றேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணி வாக்கில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கரைக்கு எதிரே இருக்கும் தீவுப் பக்கம் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுபோய், வள்ளம் கடலடிப் பாறைத் திட்டில் மோதிப் பிளந்திருந்தது. நான்கு பேரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். கருப்பையாவின் தம்பிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, வலியில் பிடி விட்டு விட்டுப் போயிருக்கிறது, அண்ணன் தன் வேட்டியால் அவரைப் பலகையோடு கட்டி வைத்திருந்தார். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இவன் போயிருப்பான்” என்றார் தேடிப் போனவர்களில் ஒருவர். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பும் முன்னால் பஞ்சவர்ணம் என்னிடம் வந்தார். சத்தம் போடுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன்.

“முன்னாடியே தெரியும்னு சொன்னீகளே. எம்புட்டு நாளாத் தெரியும்?”

“ரெண்டு வருசமா.”

“சரி பண்றது அம்புட்டு கஷ்டமா தாயி?”

“எனக்குத் தெரியல” என்றேன். அதுதான் உண்மை. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அவர் திரும்பிப் போய் வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைத் திறந்தேன். அச்சிடும் பகுதி, வரிகளை எண்ணும்போது ஒன்று குறைவாக எண்ணிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தைக்கூட முழுசாக மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஓர் அடையாளக் குறியைச் சேர்த்தேன். சோதித்துப் பார்த்ததையும் சேர்த்து இருபது நிமிடம். பலூனுக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

பிறகு புகார் நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். ‘சமாளித்தாயிற்று’ என்று என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பேரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் வருகை இன்னொருவருக்கு ஏறும். ஜவுளிக்கடையில் தேடினால் பாதிச் சரக்கு வராது. இந்த நோட்டு தீரும்வரை புதிதாக ஒரு வரி எழுத மாட்டேன் என்றேன்.

“நாலு கரையும் கைவிட்டுப் போச்சு. இப்பப்போய் பழசைக் கிண்டுறேங்கிறீங்க. நாளைக்கு யாரு நம்மளக் கூப்பிடுவா?” என்றார்.

“யாரும் கூப்பிட வேணாம் சார். வெச்சிருக்கவங்ககிட்ட ஒழுங்கா இருந்துட்டுப் போவோம். இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க.”

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் முதல் பக்கத்தைப் பிரித்தார். ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் மதுரைக் கம்பெனிக்குப் போனார்கள், எங்களில் ஒருவர் வேறு வேலை தேடிக்கொண்டார். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று உங்களிடம் நான் கதை விடப்போவதில்லை. நஷ்டம்தான். ஆனாலும் செய்யுங்கள். புகார் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். போய், அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் கை எங்கே தன்னால் வளைந்து போகிறது என்று பாருங்கள். உங்கள் பிழை அங்கேதான் இருக்கும்.

திருத்திய அச்சைக் கரையில் போய்ப் பொருத்தினேன். மும்தாஜிடம் இனி ‘சும்மா’ வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. கச்சான் ஓய்ந்து, பழுது பார்த்த வள்ளத்தோடு கருப்பையா மறுபடி இறங்கிய முதல் நாள் விடியற்காலையில் பஞ்சவர்ணம் அலுவலகத்துக்கு வந்தாராம். எல்லாரும் பதிந்து முடிக்கும்வரை ஓரமாக நின்றிருக்கிறார். பிறகு, “எங்க ஆளு பேரைக் கடைசியில போடுங்க. வருதான்னு நான் பாக்கணும்” என்றிருக்கிறார். பிரிண்டர் கடைசி வரியை அடித்து முடிக்கும்வரை தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். பேரைப் படித்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கும் வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் மும்தாஜுக்குப் போன் செய்து, வந்தாரா என்று கேட்பேன். “வந்தாக மேடம், பாத்துட்டுப் போனாக” என்பார். இப்படிப் பதினோரு நாள் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் போன் செய்தபோது மும்தாஜ் சொன்னார்: “இன்னைக்கு வரல மேடம். ஆள் விட்டுக் கேட்டேன். இனிமே வர மாட்டாகளாம். வீட்டுல வேலை கெடக்காம்.”